பழைய படச்சுருளை இனம்கண்டு மீட்டெடுப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூடப்பட்ட திரையரங்கின் ஆபரேட்டர் அறையிலிருந்தோ, விநியோகஸ்தர் ஒருவரின் கிடங்கிலிருந்தோ, வீட்டுப் பரணிலிருந்தோ ஒரு படச்சுருள் கைக்கு வந்தால், அதை எங்கே கொடுத்து டிஜிட்டலாக மாற்றுவது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் வேறு நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சுருள் எந்த அகலத்தது? எந்தப் பொருளால் ஆனது? அது நெகட்டிவா (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த மூலம்), பிரிண்டா (அதிலிருந்து திரையிட எடுத்த பிரதி)? அதன் நிறம் எந்த முறையில் உண்டாக்கப்பட்டது? சுத்தம் செய்வது, ஸ்கேன் செய்வது, வண்ணம் சீர்செய்வது ஆகிய அனைத்தும் இந்த விடைகளைப் பொறுத்தே அமையும். குறிப்பாக நான்காவது கேள்வியைத் தவறவிட்டவர்கள், அந்தப் படத்துக்கு என்றுமே இல்லாதிருந்த வண்ணங்களை அதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். எனவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் இனம்காணும் வேலைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: டப்பாவைத் திறப்பது

தேவையான கருவிகள் அதிகமில்லை. நைட்ரைல் கையுறை, அடியிலிருந்து ஒளி தரும் மேசை, நல்ல உருப்பெருக்கி, கையால் சுற்றும் ரீவைண்டர், மில்லிமீட்டர் அளவுகோல் ஆகியவை போதும். நிலையை அறியாத சுருளை எக்காரணம் கொண்டும் ப்ரொஜெக்டரில் ஏற்ற வேண்டாம். சுருங்கிய ஃபிலிமின் துளைகளை ப்ரொஜெக்டரின் பற்கள் சில நிமிடங்களில் கிழித்துவிடும்.

காற்றோட்டமான இடத்தில் டப்பாவைத் திறந்து, முதலில் வாடையைக் கவனியுங்கள். புளித்த காடி போன்ற வாடை வந்தால் அது அசிடேட் ஃபிலிம். சிதையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. இதைத்தான் காப்பகத்தார் வினிகர் சிண்ட்ரோம் என்கிறார்கள். வெளிவந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், ஒரு நிலையைத் தாண்டிய பின் கேடு விரைந்து பெருகும். அமிலம் ஆவியாகப் பரவும் என்பதால், வாடையுள்ள டப்பாவை நல்ல டப்பாக்களோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் உருவாக்கிய ஏ-டி சோதனைத் தாள்கள் இதற்கு உதவும். நீல நிறத் தாளை டப்பாவுக்குள் வைத்து மூடினால், அமிலத்தின் அளவுக்கேற்ப அது பச்சையாகவும் பின் மஞ்சளாகவும் மாறும். மஞ்சளாக மாறிய சுருளை வரிசையில் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

வாடை வேறு விதமாகக் காரமாக இருந்து, சுருள் பழுப்பேறி, பிசுபிசுத்து, கொப்புளம் கட்டியிருந்தால், அது நைட்ரேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. திரைப்படங்களுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது செல்லுலோஸ் நைட்ரேட்தான். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருவதால், பற்றிய நைட்ரேட்டைத் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அது அணையாது. சிதைந்த நிலையில், 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் நீடித்தாலே அது தானாகப் பற்றக்கூடும். சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்து மொட்டைமாடி அறை இதைவிடச் சூடாக இருக்கும். 1993-இல் லண்டனில் உள்ள ஹெண்டர்சன் லேபில் நேர்ந்த நைட்ரேட் தீ, சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்களைக் கருக்கியது. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சேகரிப்பில் பெரும்பகுதியை அழித்தது. ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. நைட்ரேட் என்று சந்தேகம் எழுந்தவுடன் சுருளை வீட்டுக்கு வெளியே, நிழலான, தீப்பொறி படாத இடத்துக்கு மாற்றிவிட்டு, காப்பகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். அதைச் சேமிப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் இந்தியாவில் 1948-ஆம் ஆண்டு முதலே தனி விதிகள் உள்ளன. கூரியரில் அனுப்பும் பொருள் அன்று அது.

மூன்றாவது வகை பாலியெஸ்டர். சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடித்தால், பாலியெஸ்டர் சுருளின் ஊடே ஒளி கசியும். அசிடேட் இருண்டு தெரியும். கையால் கிழிக்க வராத ஃபிலிமும் பாலியெஸ்டர்தான்.

இரண்டாம் படி: அகலம், துளை, சட்டம் (ஃபிரேம்)

அளவுகோலை எடுத்து அகலத்தை அளவிடுங்கள். 35 மி.மீ. என்றால் திரையரங்கப் படம். 16 மி.மீ. என்றால், 1923-இல் கோடக் வீட்டுக்கும் பள்ளிக்கும் என்று கொண்டுவந்தது; அது தொடக்கம் முதலே எளிதில் தீப்பற்றாத அடித்தளத்தில் (படப்பூச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் தாளில்) வந்ததால், 16 மி.மீ. சுருளைப் பொறுத்தவரை நைட்ரேட் அச்சம் பெரிதும் இல்லை. இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒற்றைத் துளை இருந்தால் அது 1922-இன் பாத்தே 9.5 மி.மீ. சாதாரண 8 மி.மீ. 1932-இலும், சிறிய துளையும் பெரிய சட்டமும் கொண்ட சூப்பர் 8 1965-இலும் வந்தன.

35 மி.மீ. என்று தெரிந்தபின் ஒரு சட்டத்துக்கு எத்தனை துளை என்று எண்ண வேண்டும். வழக்கமாக நான்கு. இரண்டு என்றால் டெக்னிஸ்கோப் என்ற அகலத்திரை முறையின் நெகட்டிவ். படம் படுக்கைவாட்டில் ஓடி, சட்டத்துக்கு எட்டுத் துளை இருந்தால் விஸ்டாவிஷன், டெக்னிராமா என்ற அகலத்திரை முறைகளில் ஒன்றாக இருக்கலாம். ஆறு துளை உயரச் சட்டம், ஒரே காட்சியின் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் காட்டினால் அது 1952-இன் சினிராமா. அதன் வேகம் வினாடிக்கு 26 சட்டம் என்பதை மறந்து 24-இல் ஓட்டினால் ஒலியும் அசைவும் தாழ்ந்துபோகும். 70 மி.மீ. பிரிண்டில் சட்டத்துக்கு ஐந்து துளை. அதற்கான கேமரா நெகட்டிவ் 65 மி.மீ. அகலம்தான், கூடுதல் இடம் காந்த ஒலித்தடங்களுக்கானது.

நான்கு துளைச் சட்டத்தில் முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் அது சினிமாஸ்கோப். ஆன்ரி க்ரெத்தியன் என்ற பிரெஞ்சு அறிஞர் உருவாக்கிய லென்ஸ், காட்சியை அகலவாட்டில் பாதியாகச் சுருக்கிப் பதிவு செய்தது. 1953-இல் ஹாலிவுட் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. தமிழில் 1973-இன் 'ராஜராஜ சோழன்' முதல் சினிமாஸ்கோப் படம். தொடக்க கால சினிமாஸ்கோப் பிரிண்டுகளில் நான்கு காந்தத் தடங்களுக்கு இடம் தர, துளைகளையே சிறிதாக்கினார்கள். வழக்கமான பற்கள் கொண்ட கருவியில் அவற்றை ஏற்றினால் துளைகள் சிதையும்.

மூன்றாம் படி: விளிம்பைப் படிப்பது

புதியவர்கள் தாண்டிச் செல்வதும், அனுபவசாலிகள் அதிக நேரம் செலவிடுவதும் துளைகளை ஒட்டிய இந்தக் குறுகிய விளிம்பில்தான். இங்கே கம்பெனிப் பெயர், 'சேஃப்டி' (எளிதில் தீப்பற்றாத ஃபிலிம்) அல்லது 'நைட்ரேட்' என்ற சொல், ஆண்டுக் குறி ஆகியவை ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். கோடக் தன் ஆண்டுக் குறியை வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றால் அமைத்தது. ஒற்றை வட்டம் என்றால் 1916, 1936, 1956 அல்லது 1976. ஒற்றைச் சதுரம் அடுத்த ஆண்டு. ஒற்றை முக்கோணம் அதற்கும் அடுத்த ஆண்டு. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறி திரும்ப வருவதால், படத்தில் தெரியும் உடை, வண்டி, ஒலித்தடம் ஆகியவற்றோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். தவிர, அது ஃபிலிம் தயாரான ஆண்டு. படம் எடுத்த ஆண்டு அதற்குப் பிந்தையதாக இருக்கலாம்.

இங்கே ஏமாறக்கூடிய ஓர் இடமும் உண்டு. பிரிண்ட் எடுக்கும்போது நெகட்டிவின் விளிம்பு எழுத்துகளும் பிரிண்டில் பதிந்துவிடுவது உண்டு. உருப்பெருக்கியில் பாருங்கள். பிரிண்டின் தெளிந்த விளிம்பில் கறுப்பு எழுத்துகள் இருந்தால், அவை அந்தப் பிரிண்டுக்கே உரியவை. கறுத்த பட்டையின் நடுவே வெளிர் எழுத்துகள் இருந்தால், அவை நெகட்டிவிலிருந்து வந்தவை. வெளிர் எழுத்தில் 'நைட்ரேட்' என்றும் கறுப்பு எழுத்தில் 'சேஃப்டி' என்றும் ஒரே விளிம்பில் காணப்பட்டால், நைட்ரேட் நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் எடுத்த பாதுகாப்பான பிரிண்ட் அது. நைட்ரேட்டைப் பாதுகாப்பானது என்று தவறாக முடிவு செய்வது ஆபத்தானது என்பதால், ஒரே இடத்தில் பார்த்து நிறுத்தாமல் ஒவ்வொரு ஒட்டுக்கும் (இரு துண்டுகள் இணைந்த இடத்துக்கும்) பின் மீண்டும் பாருங்கள்.

நான்காம் படி: நிறம் எங்கிருந்து வந்தது

மௌனப் படக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் பிரிண்டைச் சாயத்தில் தோய்த்தார்கள். இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு. இது டின்டிங், விளிம்பு உட்பட ஃபிலிம் முழுவதும் நிறம் ஏறியிருக்கும். டோனிங்கில் வெள்ளித் துகள்களே நிறமாக மாற்றப்படுவதால் நிழல்கள் மட்டும் நிறம் பெறும், வெளிச்சப் பகுதிகள் வெண்மையாகவே இருக்கும். இத்தகைய சுருளைக் கறுப்பு வெள்ளையாக மட்டும் ஸ்கேன் செய்தால் படத்தின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்ததாகும்.

கினிமாகலர் என்ற தொடக்க கால வண்ண முறை இதைவிட வஞ்சகமானது, ஏனெனில் பார்வைக்கு அது சாதாரணக் கறுப்பு வெள்ளைச் சுருள். சிவப்பு, பச்சை வடிகட்டிகளை மாற்றி மாற்றிச் சுழற்றி ஒன்றுவிட்டு ஒரு சட்டமாகப் பதிவு செய்து, திரையிடும்போதும் அதே வடிகட்டிகளைச் சுழற்றினார்கள். 1911-இன் தில்லி தர்பாரை இம்முறையில் படமாக்கி 1912-இல் லண்டனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டினார்கள். அதன் பெரும்பகுதி இன்று இல்லை. அடுத்தடுத்த சட்டங்களில் ஒரே சிப்பாயின் அங்கி ஒருமுறை வெளிறியும் மறுமுறை கறுத்தும் தெரிந்தால் ஸ்கேனரை நிறுத்திவிட்டு யோசியுங்கள். மினுமினுப்பைக் குறைக்கும் மென்பொருளை அதன்மேல் ஓட்டினால் வண்ணத் தகவல் முழுவதும் அழிந்துவிடும்.

1920களின் டெக்னிகலர் இரண்டு நிறங்களை மட்டுமே அறிந்தது. செம்மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த அந்த உலகில் உண்மையான நீல வானமோ மஞ்சள் பூவோ கிடையாது. இன்றைய வண்ணச் சீரமைப்பாளருக்கு அந்த வானத்தை நீலமாக்கக் கை துறுதுறுக்கும். செய்தால் அது வேறொரு படம். 1937-இல் வெளிவந்த முதல் இந்திய வண்ணப் படமான 'கிசான் கன்யா'வும் இரு நிற சினிகலர் முறையில் உருவானதுதான்.

1932-இல் வந்த மூன்று பட்டை டெக்னிகலரில், ஒளியைப் பிரிக்கும் பட்டகம் பொருத்திய பெரிய கேமராவில் மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று பச்சையைப் பதிவு செய்தது. ஒன்றோடொன்று ஒட்டி ஓடிய மற்ற இரண்டும் நீலத்தையும் சிவப்பையும் பதிவு செய்தன. அவற்றிலிருந்து எடுத்த அச்சுகளைச் சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள் சாயங்களில் தோய்த்து, வெற்று ஃபிலிமின்மேல் ஒவ்வொன்றாக அழுத்திப் பிரிண்ட் எடுத்தார்கள். சாயங்கள் உறுதியானவை என்பதால் அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிரிண்டுகள் நிறம் மாறாமல் இருக்கின்றன. அடையாளம் இது: விளிம்பு தெளிவாக இருக்கும், ஒலித்தடம் சாயமின்றிச் சாம்பல் கறுப்பாக இருக்கும். நெகட்டிவ்கள் மூன்றும் வெள்ளியால் ஆனவை. அவற்றுக்கு நிறம் மங்கும் நோய் இல்லை. மூன்றும் வெவ்வேறு அளவில் சுருங்குவதுதான் சிக்கல். 1948-இன் 'தி ரெட் ஷூஸ்' படத்தை 2009-இல் மீட்டெடுத்தபோது, சுருங்கிய மூன்று பட்டைகளையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதும், அவற்றில் பூத்திருந்த பூஞ்சையின் தடத்தை நீக்குவதும் பெரும் பணியாக இருந்தன.

தமிழ் வாசகர்களின் கையில் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் ஒரே பட்டையில் மூன்று வண்ண அடுக்குகள் கொண்ட ஃபிலிம்களே. ஜெர்மனியின் ஆக்ஃபா கலர் காப்புரிமைகள் போருக்குப் பின் பிறருக்குத் திறந்துவிடப்பட்டபோது, பெல்ஜியத்தின் கேவார்ட் நிறுவனம் கேவா கலரைக் கொண்டுவந்தது. 1956-இன் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், கேவா கலரில் ஆனது. 1958-இன் 'நாடோடி மன்ன'னில் முன்பகுதி கறுப்பு வெள்ளை, பின்பகுதி கேவா கலர். இத்தகைய படங்களில் ஒரே படத்தின் ரீல்கள் வெவ்வேறு வேகத்தில் மூப்படையும் என்பதால் ரீல் வாரியாகப் பரிசோதிக்க வேண்டும். டைட்டில் கார்டையும் முழுதாக நம்ப வேண்டாம். 1959-இன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கேவா கலரில் படமாகி டெக்னிகலரில் பிரிண்டானது. எனவே பிரிண்டும் நெகட்டிவும் வெவ்வேறு நோயாளிகள்.

1950-இல் வந்த ஈஸ்ட்மென் கலர் 1960களில் இங்கே பரவியது. அதன் நெகட்டிவ் முழுவதும் ஒரு செம்மஞ்சள் சாயலோடு தெரியும். தொடக்க கால கேவா கலர், ஆக்ஃபா கலர் நெகட்டிவ்களில் அது கிடையாது. ஈஸ்ட்மென் பிரிண்டுகளின் சயான் சாயமும் மஞ்சள் சாயமும் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கி, மெஜந்தா மட்டும் எஞ்சுவதால் படம் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். விரைவில் மங்காத பிரிண்ட் ஃபிலிம்கள் 1980களின் முற்பகுதியில்தான் வந்தன. 16 மி.மீ., 8 மி.மீ. வீட்டுப் படங்களில் காணும் கோடக்ரோம் இதற்கு நேர்மாறு. இருட்டில் வைத்தால் அதன் நிறம் பல பத்தாண்டுகள் நிற்கும்.

ஐந்தாம் படி: எந்தப் பிரதியிலிருந்து தொடங்குவது

படத்தின் எல்லாப் பிரதிகளையும் தேடிப் பட்டியலிடாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். மூல கேமரா நெகட்டிவ், அதிலிருந்து எடுத்த மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து எடுத்த டூப் (நகல்) நெகட்டிவ், திரையரங்கப் பிரிண்ட் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் கூர்மை குறையும். ஆனாலும் நெகட்டிவில் ஒரு ரீல் இல்லாமலோ, பாட்டு ஒன்று வெட்டப்பட்டோ இருந்தால், கீறல் விழுந்த பிரிண்டே ஒரே ஆதாரமாகும். அப்பு வரிசையில், தீயில் உடையும் நிலைக்குப் போன நெகட்டிவ்களுக்கு இத்தாலியின் பொலோஞா நகர லேபில் ஈரப்பதமூட்டி மென்மையாக்கி, பயன்பட்ட பகுதிகளை ஸ்கேன் செய்து, மற்ற இடங்களைப் பிற காப்பகங்களின் பிரதிகளால் நிரப்பினார்கள். சாயம் மங்காத டெக்னிகலர் பிரிண்ட் எங்காவது இருந்தால், ஸ்கேனுக்குப் பயன்படாவிட்டாலும் வண்ணத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆறாம் படி: பழுதுபார்த்தலும் சுத்தம் செய்தலும்

சுருக்கத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. புதிய 35 மி.மீ. பாசிட்டிவில் (பிரிண்ட் ஃபிலிமில்) 100 துளைகளின் நீளம் 475 மி.மீ. பழைய சுருளை மேசையில் தட்டையாக வைத்து 100 துளைகளை அளக்கும்போது 470-ஐ ஒட்டி வந்தால் சுருக்கம் ஒரு சதவீதம். அந்த அளவை நெருங்கிய சுருளைப் பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் மட்டுமே ஓட்ட வேண்டும். பிய்ந்த ஒட்டுகளைப் புதுப்பித்து, கிழிந்த துளைகளுக்குப் பாலியெஸ்டர் நாடா ஒட்டுங்கள். சாதாரண செலோடேப் பசை கசிந்து அடுத்த சுற்றையும் ஒட்டிவிடும். பூஞ்சை உள்ள சுருளில் தண்ணீர் படக் கூடாது; பூஞ்சை தின்ற ஜெலட்டின் கரைந்து படமே வழிந்துவிடும். ஒட்டிக்கொண்ட சுற்றுகளை இழுத்துப் பிரிக்காமல் லேபுக்கு அனுப்புங்கள்.

ஏழாம் படி: ஸ்கேன்

35 மி.மீ. நெகட்டிவுக்கு 4கே (அகலவாட்டில் சுமார் 4,000 புள்ளிகள்) தேவை. பல தலைமுறை கடந்த பிரிண்டுக்கு 2கே போதுமானதாக இருக்கலாம். செலவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். இரண்டரை மணி நேரப் படம் சுமார் 13,500 அடி, 2,16,000 சட்டங்கள். 4கே முழுச் சட்டம் ஒன்று டிபிஎக்ஸ் என்ற படக் கோப்பாக ஏறத்தாழ 50 மெகாபைட் என்றால், மொத்தம் 11 டெராபைட்டை ஒட்டி வரும். லேபிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். சட்டத்தின் ஓரங்களும் துளைகளும் தெரியுமாறு ஸ்கேன் செய்ய வேண்டும். நடுக்கத்தைச் சரிசெய்ய அவை உதவும். அடித்தளத்தில் கீறல் மிகுந்திருந்தால், கீறலை நிரப்பி மறைக்கும் திரவத்தின் ஊடே ஸ்கேன் செய்யும் வெட்கேட் முறை வேண்டும். இளஞ்சிவப்பான ஈஸ்ட்மென் பிரிண்ட் என்றால் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களுக்குத் தனித்தனி வெளிச்சம் கொடுக்க வேண்டும். சயான் சாயம் மங்கியிருப்பதால் சிவப்புத் தடத்தில் தகவல் மிகக் குறைவாகவே இருக்கும். ஸ்கேனில் கிடைக்காததைப் பின்னால் கணினியில் இழுத்துப் பார்த்தால் புள்ளிப் புள்ளியான காட்சி இரைச்சல்தான் மிஞ்சும்.

ஒலித்தடத்தைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். ஒலி நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டைவிட அதுவே மேல்.

எட்டாம் படி: கணினியில் சீரமைப்பு

தானியங்கித் தூசி நீக்கியை முழு ரீலுக்கும் ஓடவிட்டுப் போவதைப்போல் தீமை வேறில்லை. ஒரே ஒரு சட்டத்தில் தோன்றி மறையும் எதையும் அது தூசி என்றே கொள்ளும். புராணப் படத்தில் வானிலிருந்து சொரியும் மலர்கள், போர்க்காட்சியில் பறக்கும் அம்புகள், வாள்கள் மோதும் பொறி, மழைத்தாரை ஆகிய எல்லாம் அதன் கண்ணுக்குக் குப்பை. வேகமான அசைவுள்ள ஷாட்டுகளை முதலிலேயே பிரித்து, கையால் செய்யுங்கள். முடிந்ததும் மூல ஸ்கேனையும் சீரமைத்ததையும் அருகருகே ஓட்டி, காணாமற்போனது ஏதேனும் உண்டா என்று பாருங்கள். ஃபிலிமின் இயல்பான துகள்களை (கிரெயினை) தேய்த்து அழித்தால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும்; துகள் படத்தின் உடல், அது இருக்கட்டும்.

வண்ணத்தில், சீரமைப்பாளரிடம் நீங்கள் கொடுக்க வேண்டியது நான்காம் படியில் எழுதிவைத்த குறிப்பு. கேவா கலர் படத்தை ஈஸ்ட்மென் கலர் போலவும், இரு நிறப் படத்தை முழு நிறம் போலவும் ஆக்கச் சொல்லிப் படத்தின் உரிமையாளர்களே கேட்பதுண்டு, உறுதியாக மறுத்துவிடுங்கள். நெற்றிக் குங்குமம், வெள்ளை வேட்டி, முகத்தின் தோல்நிறம் ஆகியவற்றைப் பிடிமானமாகக் கொண்டு ஒரு காட்சியைச் சமன்செய்து, அதே செட்டில் எடுத்த மற்ற காட்சிகளுக்கு அதையே விரிவாக்குவது நல்ல நடைமுறை. சதுரத்தை ஒட்டிய பழைய சட்டத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டுவதும் கூடாது. மௌனப் படங்களின் வேகத்தை 24 என்று எடுத்துக்கொள்ளாமல், நடப்பவரின் நடை இயல்பாகத் தெரியும் வேகத்தைச் சோதித்து அமைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பாதுகாத்தல்

ஸ்கேன் முடிந்துவிட்டது என்று ஃபிலிமை வெள்ளி பிரித்தெடுக்கவோ குப்பைக்கோ போட்டுவிடாதீர்கள். இன்றைய ஸ்கேனர் எடுக்காததை நாளைய ஸ்கேனர் எடுக்கும். அதற்கு மூலம் வேண்டும். துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றி, காற்றுத் துளை உள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், சுருளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். வண்ண ஃபிலிமுக்குக் காப்பகங்கள் உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையையும் 30 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தையும் நாடுகின்றன. வீட்டில் அது இயலாது என்பதால், பரணையும் சமையலறைச் சுவரையும் தவிர்த்து, குளிரூட்டிய உலர்ந்த அறையில் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலோ, 2014 முதல் மும்பையில் இயங்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனிலோ வைப்பது குறித்துப் பேசுங்கள். டிஜிட்டல் கோப்புகளில் மூல ஸ்கேனையும் சீரமைத்த பிரதியையும் தனித்தனியே, இரண்டு எல்டிஓ நாடாக்களில் (கணினித் தரவுக்கான காந்த நாடாக்களில்), இரண்டு ஊர்களில் வையுங்கள். டப்பாவின் மேல் படத்தின் பெயர், ரீல் எண், அகலம், அடித்தளம், வண்ண முறை, சுருக்க அளவு, ஏ-டி தாளின் நிறம், பரிசோதித்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் புதிய ஏ-டி தாளை வைத்து மீண்டும் பாருங்கள்.